வாய் கோணிய முதல் மூன்று நாள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிசியோதெரபி சென்டர் வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாக இதே வேலை. மூட்டுவலி, இடுப்புவலி, எலும்பு முறிவு, பக்கவாதம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது சேலைத் தலைப்பாலோ துண்டாலோ வாயை மூடிக்கொண்டு படியேறி வருவார்கள். முகவாதக்காரர்கள், அதாவது முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் போய் வாய் கோணியவர்கள். இந்த மடல் அவர்களுக்காக.

போன ஆடியில் ஒரு அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரமாகப் பீச்சியடித்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது, வலது கண் மூட மாட்டேன் என்கிறது. வீட்டில் "காத்து அடிச்சிருக்கும்" என்று சொல்லிப் பச்சிலை அரைத்துக் கட்டியிருக்கிறார்கள். பேய் அறைந்த முகம் என்று யாரோ சொல்லவும் பக்கத்து ஊரில் போய் மந்திரித்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் ஒரு மருத்துவமனைக்குப் போனபோது ஒரு சத்து ஊசி போட்டு, வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து, "தானா சரியாயிரும், பிசியோ போய் கரண்ட் வச்சுக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் நாள்.

முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைத்தான் பார்த்தேன். ரத்தமாகச் சிவந்திருந்தது. கருவிழியில், கீழ்ப்பக்கமாக, அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு. ஜன்னல் பக்கம் திரும்பினாலே கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பீடித்தூள் விழுந்திருக்கும் சார்" என்றார். அன்று நான் எந்த மிஷினையும் ஆன் செய்யவில்லை, ஆட்டோ பிடித்து நேரே கண் டாக்டரிடம் அனுப்பிவைத்தேன்.

அந்த அம்மாவுக்கு வந்தது அரிய வியாதி ஒன்றும் இல்லை. பெல்ஸ் பால்சி என்று டாக்டர்கள் சொல்லும் இந்த முகவாதம் ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு இருபதிலிருந்து முப்பது பேருக்கு வருகிறது. நம் மாநிலத்தின் மக்கள்தொகைக்கு அந்தக் கணக்கைப் பெருக்கிப் பார்த்தால் வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் பேருக்குக் குறையாது. இத்தனை பேருக்கு வருகிற ஒன்றைப் பற்றி எந்த ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் நான் ஒரு வரி படித்ததில்லை. நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது, பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது, வாய் கோணினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் இல்லை.

முகத்தை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து கிளம்பி, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் சுமார் மூன்று சென்டிமீட்டர் தூரம் ஒரு குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாயின் மிகக் குறுகலான இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூடக் கிடையாது. நரம்பு வீங்கினால் எலும்பு விட்டுக் கொடுக்குமா? வீங்கிய நரம்பு தன் வீக்கத்தாலேயே நசுங்குகிறது. பெரும்பாலும் உடம்புக்குள் முன்பே பதுங்கியிருந்த அக்கி வகை வைரஸ் கிளம்பித்தான் இந்த வீக்கம் வருகிறது என்று நினைக்கிறார்கள். காதுக்குப் பின்னால் வலி, சத்தம் கேட்டால் காது கூசுவது, நாக்கில் ஒரு பக்கம் ருசி தெரியாமல் போவது எல்லாம் இந்த ஒரே நரம்பின் வேலைதான். எங்கள் பக்கம் பலர் "குழம்புல உப்பே தெரியல சார்" என்று அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

வீக்கம்தான் பிரச்சினை என்றால் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தைச் சீக்கிரமாகக் கொடுக்க வேண்டும், இல்லையா? ஸ்காட்லாந்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. முகவாதம் வந்து 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஆரம்பித்தார்கள், நாளுக்கு 50 மில்லிகிராம், பத்தே நாள். மூன்று மாதத்தில் மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு முகம் முழுசாகத் திரும்பியிருந்தது, எடுக்காதவர்களில் 63.6 சதவீதம் பேருக்கு மட்டும். ஒன்பது மாதத்தில் 94.4-க்கு 81.6. வைரஸை எதிர்க்கும் மாத்திரையைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டியும் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை என்றுதான் சொல்கிறது.

"தானா சரியாயிரும்" என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அந்தப் பேச்சு இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றுமே செய்யாவிட்டாலும் பத்தில் ஏழு பேருக்குச் சரியாகிவிடும். பச்சிலை கட்டியவர், மந்திரித்தவர், சத்து ஊசி போட்டவர் எல்லாருக்கும் பெயர் வாங்கிக் கொடுப்பது அந்த ஏழு பேர்தான். மீதி மூன்று பேர்தான் என் சென்டருக்கு வருகிறார்கள், ஐந்தாம் மாதத்தில், கல்யாணத்துக்கு முந்தின மாதத்தில், வேலைக்கு இன்டர்வியூ வந்த பிறகு. முதல் நாள் பார்க்கும்போது யார் ஏழில் ஒருவர், யார் மூன்றில் ஒருவர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் பெரியவர்கள் எல்லாருக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பிரெட்னிசலோன் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற, விலை மலிவான மாத்திரை. மருந்து நம்மிடம் இருக்கிறது, மூன்று நாளுக்குள் அது போய்ச் சேருவதில்லை. ஸ்டீராய்டு என்றாலே நம் ஊரில் ஒரு பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, மெடிக்கலில் சீட்டே இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்கும் பத்து நாள் மாத்திரை வேறு. சர்க்கரை இருந்தால் அந்த நாட்களில் சுகர் ஏறும், அடிக்கடி பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். வயிற்றுப்புண், காசநோய் இருந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். முகவாதம் வருகிறவர்களில் சர்க்கரைக்காரர்கள் நிறைய, அதனால் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டு நேரே மெடிக்கலுக்குப் போகாதீர்கள்.

சரி, வாய் கோணியது எல்லாமே பெல்ஸ் பால்சியா? இல்லவே இல்லை. போன வருஷம் எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவருக்குக் காலை எட்டு மணிக்கு வாய் கோணியது. அதற்கு முந்தின வருஷம் அவருடைய மருமகளுக்கு முகவாதம் வந்து இலை கட்டிச் சரியாகியிருந்தது, அதனால் இவருக்கும் அதே இலையைக் கட்டி உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் டீ கிளாஸைக் கையில் பிடிக்க முடியாமல் கீழே போட்ட பிறகுதான் 108-க்குப் போன் போனது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அது போய்விட்டது. அவர் இன்றும் என்னிடம்தான் நடைப் பயிற்சிக்கு வருகிறார், பேச்சு இன்னும் திரும்பவில்லை.

அன்று காலையில் யாராவது அவரிடம் "புருவத்தைத் தூக்குங்க தாத்தா" என்று கேட்டிருந்தால் போதும். நெற்றியின் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையில் ஒரு பக்கம் அடிபட்டாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், கண்ணும் ஏறக்குறைய மூடும், வாய் மட்டும் கோணும். நரம்பே வீங்கினால் நெற்றிக் கோடுகளும் சேர்ந்து அழிந்துவிடும், அந்தப் பக்க நெற்றி இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழவென்று இருக்கும். வாய் கோணி நெற்றி சுருங்கினால் 108. நெற்றி சுருங்காவிட்டாலும் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ அதுவும் 108தான், ஏனென்றால் மூளைத்தண்டில் வரும் சில அடைப்புகள் நெற்றியையும் சேர்த்து இழுத்துவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு கிராம சுகாதாரச் செவிலியருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? என் பத்தாம் வகுப்பு மகளுக்கு நான் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தேன்.

அதோடு காதையும் பார்க்க வேண்டும். காதுக்குள்ளோ மடலிலோ கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அது அக்கி, ராம்சே ஹன்ட் என்பார்கள். அதற்கு ஸ்டீராய்டோடு வைரஸ் மருந்தும் உடனே வேண்டும், அதில் முகம் திரும்புவதும் குறைவு. ஒரு பையனுக்குக் காது வலி என்று சொட்டு மருந்து மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்கள், நான் மடலை இழுத்துப் பார்த்தபோது கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. ரொம்ப நாளாகக் காதில் சீழ் வடிகிறவருக்கு வாய் கோணினால் அன்றைக்கே ஈ.என்.டி. பார்க்க வேண்டும். காதுக்குக் கீழே கட்டி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணுவது, இரண்டு பக்கமும் ஒன்றாக விழுவது, இதெல்லாம் வேறு கதை, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கண் மட்டும் மூடாமல் கன்னத்தில் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோயை நினைக்க வேண்டும். தொழுநோயைக் கண்டுபிடிக்க வீடு வீடாகப் போகிற உங்கள் ஊழியர்களுக்கு அந்தத் தேமலைத் தெரியும், மூடாத கண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் போதும். நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் பிரசவமான புதிதிலும் முகவாதம் வர வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு ரத்த அழுத்தத்தையும் கூடவே பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்றும் நடக்கிறது. கல்லூரியில் படிக்கும் ஒரு பையனை வீட்டார் இரண்டாம் நாளே டவுனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள், பாராட்ட வேண்டிய விஷயம். அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் செயினை அடகு வைத்து, ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட் வந்து, டாக்டர் மறுபடி பார்த்து மாத்திரை ஆரம்பித்தது ஆறாம் நாள். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. திடீரென்று வந்த, நெற்றியோடு விழுந்த, வேறு எந்தக் குறியும் இல்லாத சாதாரண முகவாதத்துக்கு ஸ்கேன் தேவையே இல்லை என்று அந்த 2013 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் தேவை பார்க்கிற கண்ணும் கேட்கிற நாலு கேள்வியும்தான். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார். மாத்திரையை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டு எடுக்கட்டும்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன். முகம் கோணியிருப்பது எல்லாருக்கும் தெரிகிறது, கண் காய்வது யாருக்கும் தெரிவதில்லை. மூடச் சொன்னால் கண்மணி மேலே ஏறி வெள்ளை விழி மட்டும் தெரியும், வீட்டில் இருக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். அது நல்லதுதான், கருவிழியை ஒளித்துவைக்க உடம்பு தானே செய்கிற ஏற்பாடு. ஆனாலும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் திறந்தே கிடக்கும், ராத்திரி முழுக்க ஃபேன் காற்று அதில் படும். அந்த அம்மாவின் வெள்ளைப் பொட்டு கீழ்ப்பக்கமாக இருந்ததன் காரணம் அதுதான். பகலில் மணிக்கொரு தரம் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, வெளியே போனால் கண்ணாடி, ராத்திரி கண்ணுக்கான களிம்பு போட்டு, இமையை விரலால் மெல்ல இழுத்து மூடி, மேலே காகித பிளாஸ்டர். பிளாஸ்டரைத் தப்பாக ஒட்டினால் இமை திறந்துகொண்டு பிளாஸ்டரே கருவிழியை உரசும், அதனால் வீட்டாரை ஒரு தடவை ஒட்டச் சொல்லிப் பார்த்துத் திருத்த வேண்டும். கண்ணில் வலி, சிவப்பு, மங்கல் வந்தால் அன்றைக்கே கண் டாக்டர். சொட்டு, களிம்பு, பிளாஸ்டர் மூன்றையும் ஒரு கவரில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கையில் கொடுக்க முடியாதா? முகம் கோணினாலும் வாழ்ந்துவிடலாம் ஐயா, பார்வை போனால் பீடிக்கு நூல் கட்ட முடியாது.

எங்கள் தொழிலைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும். முதல் ஐந்தாறு வருஷம் நானும் வந்தவர்கள் எல்லாருக்கும் கரண்ட் வைத்தேன். கல்லூரியில் அப்படித்தான் படித்தோம், நோயாளிகளும் கன்னம் துடிப்பதைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று நம்புகிறார்கள். மின் தூண்டுதலால் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2011-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. ஆளுக்கேற்ப வடிவமைத்த முகப் பயிற்சி, நாள்பட்டவர்களுக்கு உதவக்கூடும் என்றும் அதுவே சொல்கிறது. தசையைக் கண்டபடி தூண்டினால் பிற்பாடு பின்னிக்கொள்ளும் சிக்கல் கூடுமோ என்ற அச்சமும் எங்கள் துறையில் இருக்கிறது. நான் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதால், "கரண்ட் வைக்க மாட்டாரு, கண்ணாடி முன்னாடி உட்கார வைக்கிறாரு" என்று வேறு சென்டருக்குப் போனவர்கள் உண்டு. பரவாயில்லை. பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு என்று பலமாக வேலை வாங்குவதையும் விட்டுவிட்டேன். கண்ணாடி முன்னால், மெதுவாக, இரண்டு பக்கமும் சமமாக, சின்னச் சின்ன அசைவு. நல்ல பக்கம் அடித்துக்கொண்டு ஓடாமல் பிடித்துவைப்பதும் பயிற்சிதான்.

பின்னிக்கொள்வது என்று சொன்னேன் அல்லவா. நசுங்கிய நரம்பு மறுபடி வளரும்போது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஊர்ந்து வருகிறது, சில இழைகள் வழிதவறி வேறு தசையில் போய்ச் சேர்ந்துவிடும். வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போகும். சிரித்தால் கண் சுருங்கும், சாப்பிட்டால் கண்ணீர் வரும். பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் என்னிடம் வந்தார். சிரித்தால் ஒரு கண் மூடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் "டீச்சர் கண்ணடிக்கிறாங்க" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வகுப்பில் சிரிப்பதையே நிறுத்திவிட்டேன் என்றார், சொல்லும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார். இதற்கு வழி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பயிற்சி இருக்கிறது, தசையைத் தளர்த்த அளவாகப் போடும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. கண் மூடாமலே நின்றுவிட்டவர்களுக்கு மேல் இமையில் சின்ன எடை வைத்துத் தைக்கிறார்கள். நரம்பே திரும்பாதவர்களுக்கு வேறு நரம்பை இணைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது, ஆனால் தசை ஒன்றரை இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்காது, சுருங்கிப்போகும். அதற்குப் பிறகு தொடையிலிருந்து தசை எடுத்து வைக்கும் பெரிய அறுவைதான்.

அதனால்தான் மூன்றாம் மாதம் முக்கியம். மூன்று மாதத்தில் முழுசாகத் திரும்பாத எல்லாரையும் மறுபடி ஒரு நிபுணர் பார்க்க வேண்டும், கொஞ்சமும் அசைவே வராவிட்டால் இது பெல்ஸ் பால்சிதானா என்றே முதலிலிருந்து தேட வேண்டும். இங்கே யாரும் மூன்றாம் மாதம் கூப்பிடுவதில்லை. முதல் நாள் ஓ.பி. சீட்டில் "வாய் கோணல்" என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்றாம் மாதம் எதோடு ஒப்பிடுவது? 1985-லிருந்து உலகம் முழுக்க முகம் எவ்வளவு அசைகிறது என்று குறிக்க ஹவுஸ்-பிராக்மன் என்று ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், அந்த ஒற்றை எண்ணைச் சீட்டில் எழுதினால் போதும். நோயாளியின் போனிலேயே நாலு படம் எடுத்துவைக்கச் சொல்லலாம்: சும்மா இருக்கும்போது, புருவம் தூக்கி, கண் மூடி, சிரித்து. என் சென்டரில் இதைத்தான் செய்கிறேன், செலவு ஒன்றும் இல்லை.

நான் கேட்பது புதுக் கட்டடம் இல்லை, புது மிஷின் இல்லை. சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் என்று ஊர் பூராவும் தெரிய வைத்த துறை உங்களுடையது. முகவாதத்துக்கு 72 மணி நேரம் என்று ஒரு தாள், எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும், இரவுப் பணி மருத்துவரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் வைக்கச் சொல்லுங்கள். நெற்றி, காது, கண், மாத்திரை, மூன்றாம் மாதம் எந்தத் தேதி, எங்கே போக வேண்டும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள், அவர்கள் போகிற பட்டியலில் முகவாதத்தையும் சேர்த்து அந்த மூன்றாம் மாதப் பார்வையை அவர்களிடமே கொடுங்கள். மெடிக்கல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு தாள் அனுப்புங்கள், எங்கள் பக்கம் வாய் கோணியவர் முதலில் போய் நிற்பது அந்தக் கடை வாசலில்தான், "இன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க" என்ற ஒரு வார்த்தையைக் கடைக்காரர் சொன்னால் மூன்று நாள் மிஞ்சும்.

அந்த அம்மாவுக்கு முகம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. புண் ஆறிக் கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. இப்போதும் பீடி சுற்றுகிறார், நூல் கட்டும்போது தலையை இடது பக்கம் திருப்பி, நல்ல கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கட்டுகிறார். முன்னால் ஒரு நாளைக்குச் சுற்றியதில் பாதிதான் இப்போது முடிகிறது என்றார்.

தாளில் எழுத வேண்டியதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் நிபுணர்கள் திருத்தட்டும். எங்கள் மாவட்டத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கூட்டம் நடந்தாலும் ஒரு மணி நேரம் கொடுத்தால் வந்து சொல்லித் தருகிறேன். சனிக்கிழமை மதியம் சென்டர் கிடையாது, பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்